பேழைக்கு வெளியே

ஒவ்வொரு ஆண்டும் மே மாதத்தின் முதல் வாரத்தில் எங்கள் ஆலயத்துக்குச் சென்னையிலிருந்து ஓர் அட்டைப்பெட்டி வந்து சேரும். உள்ளே விடுமுறை வேதாகமப் பள்ளிக்கான பாடப் புத்தகங்கள், பாட்டுகள் அடங்கிய குறுந்தகடு (இப்போது அதற்குப் பதிலாகக் கைப்பேசியில் தரவிறக்கிக்கொள்ள ஒரு கட்டச் சதுரம்), வண்ணச் சுவரொட்டிகள், பிறகு பிள்ளைகள் வெட்டி ஒட்டுவதற்கான அச்சிட்ட தாள்கள். இந்தக் கடைசி இனம் மட்டும் என் பொறுப்பு. முப்பத்தோரு ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சொந்த ஊரில் வேறு என்ன உத்தியோகம் கிடைக்கும்? கீழ்பென்னாத்தூரில் என்னை இன்றும் பெயர் சொல்லி அழைப்பவர் குறைவு. பாட்டிமார் உட்பட எல்லோருக்கும் நான் 'டிராயிங் சார்'தான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் பக்திமான் அல்லன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் அமர்ந்து, பிரசங்கம் நீளும்போது ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்க்கிறவன். ஆனால் அந்தப் பத்து நாள்களை மட்டும் விட்டுக்கொடுக்க மனம் வருவதில்லை. காலை ஒன்பது மணிக்குள் ஆலயத் தாழ்வாரம் நிரம்பிவிடும். ஐம்பது, அறுபது பிள்ளைகள். அவர்களில் பாதிக்கு மேல் கிறிஸ்தவர்கள் அல்லர். விடுமுறையில் வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியாத தாய்மார் அனுப்புகிறார்கள். பதினோரு மணிக்குக் கொடுக்கும் சுண்டலுக்காகவும் ரஸ்னாவுக்காகவும் சிலர். பாட்டுக்கு ஆடலாம் என்பதற்காகச் சிலர். கத்தரிக்கோல் பிடிக்கக் கிடைக்கும் என்பதற்காகவே வருகிற சிலர். மதம் மாற்றுகிறீர்களா என்று கேட்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களை ஒருநாள் வந்து சுண்டல் சாப்பிட அழைத்திருக்கிறேன். கதை கேட்டுவிட்டு, கையில் ஒட்டிய ஃபெவிகாலைத் தோலுரிப்பதுபோல உரித்துக்கொண்டு, நெற்றியில் திருநீறோடு வீட்டுக்குப் போகிற பிள்ளைகளைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள் கார்த்திகையன்று அதே தாழ்வாரத்தின் படியில் ஏறி நின்று, மேற்கே அண்ணாமலையின் உச்சியில் தீபம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். எங்கள் ஊருக்கும் மலைக்கும் இருபது கிலோமீட்டர் இருக்கும். தீபம் நன்றாகவே தெரியும்.

அச்சிட்ட தாள்களோடு எனக்குள்ள சண்டை பழையது. அவற்றில் வரும் ஆடுகள் எல்லாம் வெள்ளைப் பஞ்சு மூட்டைகள். நல்ல மேய்ப்பன் கதைக்குப் பஞ்சு ஒட்டி ஆடு செய்யச் சொன்னபோது ஒரு பையன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டில் பதினெட்டு உருப்படி ஆடு. "இது ஆடு இல்ல சார், நாய்க்குட்டி" என்றான். அவன் சொன்னது சரிதான். எங்கள் பக்கத்துச் செம்மறிக்குக் கம்பளி கிடையாது. செம்மண் நிறத்தில், ஒட்ட வெட்டியதுபோல் மயிர், தொங்கு காது. அன்றே பஞ்சை ஒதுக்கிவிட்டுத் தேங்காய் நாரைப் பிரித்துக் கொடுத்தேன். அதன்பின் வந்த ஆடுகளை எந்தச் சந்தையிலும் விற்றிருக்கலாம்.

இந்தப் புத்தி எனக்கு என் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஓர் உபதேசியாரின் மகள். மிஷன் விடுதிப் பள்ளி ஒன்றில் படித்தவர். இந்தப் பகுதியின் லுத்தரன் சபைகளுக்கு டென்மார்க்கோடு ஒரு தொப்புள்கொடி உண்டு. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்திறங்கிய சீகன்பால்கு டேனிஷ் மன்னன் அனுப்பிய ஜெர்மானியர் என்பது பலருக்குத் தெரியும். 1821-இல் தொடங்கப்பட்ட டேனிஷ் மிஷனரி சங்கம் 1860-களில் தென்னார்க்காட்டில் வேலையைத் தொடங்கி, பின்னர் திருவண்ணாமலைக்கும் வந்து பள்ளிக்கூடம் கட்டியது வேறு கதை. அதுதான் நாங்கள் இன்று ஆற்காடு லுத்தரன் திருச்சபையாக இருப்பதன் ஆரம்பம். மிஷன் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்குத் தையலும் பின்னலும் காகித மடிப்பும் சொல்லிக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. அதன் வேர் ஜெர்மனியில். 1837-இல் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளியைத் தொடங்கிய ஃபிரோபெல், காகிதம் மடித்தல், பட்டை பின்னுதல், களிமண் பிசைதல் ஆகியவற்றைப் பாடங்களாகவே வகுத்தார். பிள்ளைகளுக்கு அறிவு கை வழியாக ஏறுகிறது என்பது அவர் கண்டது. நூறு ஆண்டுகள் கழித்து 1937-இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியைப் பற்றிப் பேசியபோது அதையே இன்னும் பிடிவாதமாகச் சொன்னார். இரண்டையும் இணைக்கிற ஒரு முடிச்சு எங்களுக்கு அருகிலேயே, பரங்கிப்பேட்டையில் இருக்கிறது. ஆன் மேரி பீட்டர்சன் என்ற டேனிஷ் பெண்மணி அங்கே நடத்திய சேவா மந்திர் பள்ளிக்கு 1921-இல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. கிறிஸ்தவப் பள்ளியில் ராட்டை சுழன்றது.

என் அம்மாவுக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அவருக்குத் தெரிந்தது மல்லாட்டைத் தோலும் தீப்பெட்டியும். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு அவர் கதை சொல்லும்போது மடியில் ஒரு முறம் இருக்கும். மல்லாட்டைத் தோலைச் சரிபாதியாகப் பிளந்தால் படகு. அதில் ஒரு பருப்பை வைத்தால் உறங்குகிற இயேசு. கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தால் கல்லறை. பனையோலை நறுக்கில் குருத்தோலை ஞாயிறு. மோசேயை ஆற்றில் விட்ட நாணற்பெட்டிக்கு ஏரிக்கரைக் கோரையைப் பின்னுவார். நோவாவின் பேழைக்கு எப்போதும் தீப்பெட்டிதான். உள்பெட்டியை இழுத்தால் திறக்கும், தள்ளினால் மூடும். அதற்குள் எறும்பு, பொன்வண்டு, ஒரு வெள்ளைப்பூச்சி என்று இரண்டிரண்டாகப் பிடித்துப்போட்டு, நாற்பது நாள் என்பதை நாற்பது எண்ணுவதாகச் சுருக்கி, எண்ணி முடித்ததும் திறந்து விடுவோம். எறும்புகள் எண்ணுவதற்கு முன்பே வெளியேறியிருக்கும்.

எபிரேய மொழியில் நோவாவின் பேழைக்கும் குழந்தை மோசேயின் பெட்டிக்கும் ஒரே சொல்தான் என்பதைப் பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தபோது, தீப்பெட்டியும் கோரைப்பெட்டியும் அம்மாவின் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது நினைவுக்கு வந்தது.

கைவேலையோடு கதை சொல்வதில் ஓர் ஆபத்து உண்டு. வாயால் சொல்லும்போது தாண்டிப்போய்விடக்கூடிய இடங்களை, கையால் செய்யும்போது தாண்ட முடியாது. 'கல்லறையின் வாசலில் ஒரு பெரிய கல்' என்று சொல்லிவிடலாம். செய்யப்போனால் எவ்வளவு பெரிய கல் என்று தெரிந்தாக வேண்டும். 'கோலியாத்து மிக உயரமானவன்' என்பதோடு வாய் திருப்தியடையும். அட்டை கேட்கும், எத்தனை அங்குலம்? பிள்ளைகள் கேட்கிற கேள்விகளில் பாதி பசை காய்கிற நேரத்தில்தான் பிறக்கிறது.

2025 மே மாதத்துப் பெட்டியில் வந்த பாடத்தில் மூன்றாம் நாள் நோவா. இதற்கான தாளைப் பார்த்ததும் எனக்கு வழக்கமான எரிச்சல் வந்தது. சிரிக்கிற பேழை, சிரிக்கிற ஒட்டகச்சிவிங்கி, சிரிக்கிற கிழவர், மேலே ஏழு நிறத்தில் வானவில். ஆனாலும் தாளைக் குறைசொல்லி என்ன பயன்? இந்தச் சிரிப்பு இருநூறு ஆண்டுப் பழக்கம். ஜெர்மனியின் சாக்சனி மலைப் பகுதியில் சைஃபன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மரக் கடைசல்காரர்கள் ஒரு விந்தையான முறையில் பொம்மை மிருகங்கள் செய்தார்கள். பெரிய மர வளையம் ஒன்றைக் கடைந்து கடைந்து, அதன் குறுக்குவெட்டு ஒரு யானையின் உருவமாக வரும்படி செய்துவிடுவார்கள். பிறகு வளையத்தை ரொட்டியைப் போலத் துண்டு போட்டால் ஒவ்வொரு துண்டும் ஒரு யானை. இப்படி ஆயிரக்கணக்கில் செய்த மிருகங்கள் மரப் பேழைகளில் அடைபட்டு ஐரோப்பா முழுவதும் போயின. பக்தியுள்ள வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை விளையாட அனுமதிக்கப்பட்ட ஒரே பொம்மை பெரும்பாலும் இந்தப் பேழைதான். அது வேதத்தில் வருகிறதல்லவா! உலகம் முழுவதும் மூழ்கிப்போன ஒரு கதை, பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அமைதியாக இருக்க உதவுகிற விளையாட்டுச் சாமானாகிவிட்டது. கடைசல்காரனின் திறமையைச் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறேனே ஒழிய, அந்தப் பெட்டியில் எது இல்லை என்று நானும் யோசித்தவனில்லை.

பாடம் நடந்த அன்று வந்தவர்களில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. திருவண்ணாமலையில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் வீடு. கோடை விடுமுறைக்கு இங்கே பாட்டி வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் நாளே அவளைக் கவனித்திருந்தேன், காரணம் கத்தரிக்கோல். இடக்கைப் பிள்ளை. கடையில் வாங்கும் கத்தரிக்கோல்கள் எல்லாம் வலக்கைக்கானவை. இடக்கையில் பிடித்தால் அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகும். காகிதம் வெட்டுப்படாமல் மடிந்து சிக்கிக்கொள்ளும். வெட்டும் கோட்டைப் பார்க்கவும் முடியாது, அலகு மறைக்கும். பிள்ளை தனக்கு வேலை வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அவள் அப்படி நினைக்கிறவளாகத் தெரியவில்லை. கத்தரிக்கோலை ஓரமாக வைத்துவிட்டுக் காகிதத்தை நகத்தால் கோடிட்டுக் கிழித்தாள். கிழிசல் ஓரம் அழகாகவே இருந்தது.

பேழையில் கதவு வைக்கும் இடத்துக்கு வந்தோம். பக்கவாட்டில் ஒரு சதுரம் வெட்டி, மடித்து, திறந்து மூடும்படி செய்ய வேண்டும். எல்லோரும் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டாள்:

"டிராயிங் சார், இந்தக் கதவ உள்ளாற இருந்து சாத்துனாங்களா, வெளிய இருந்து சாத்துனாங்களா?"

நல்ல கேள்வி. அதற்கு ஆதியாகமத்திலேயே பதில் இருக்கிறது. நோவா சாத்தவில்லை, கர்த்தர்தான் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார். எனக்குப் பதில் தெரிந்திருந்ததில் ஒரு சின்னப் பெருமையோடு சொன்னேன். அவள் கதவை மூடி, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்ப வெளிய இருந்தவங்க?"

"அவங்க எல்லாம் கெட்டவங்கம்மா. சாமி பேச்சக் கேக்காதவங்க."

"அந்த ஊர்ல சின்னப் பசங்களே இல்லியா சார்?"

நான் பசை டப்பாவைப் பார்த்தேன்.

"அப்ப வ.உ.சி. நகர்ல மண்ணு விழுந்து செத்துப்போனாங்களே, அவங்க கெட்டவங்களா சார்?"

வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. கடந்த பிறகும் போகாமல் நின்றுவிட்டது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட, தென்பெண்ணை கரையோர ஊர்களுக்குள் புகுந்தது. டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, திருவண்ணாமலையில் மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் பெயர்ந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். எங்கள் சபை நாள்காட்டியில் அது அட்வெந்தின் முதல் ஞாயிறு. மின்சாரம் இல்லாத ஆலயத்தில் பத்துப்பேர் உட்கார்ந்து, வருகிறவரைப் பற்றிய பாட்டைப் பாடிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தோம். அந்த ஆண்டு கார்த்திகை தீபம் டிசம்பர் 13-ஆம் தேதி. மக்கள் மலையேறக் கூடாது என்று தடை இருந்தது. தீபம் மட்டும் ஏற்றினார்கள். எங்கள் தாழ்வாரத்துப் படியிலிருந்து அன்றும் பார்த்தோம். யாரும் வழக்கம்போலச் சத்தம் போடவில்லை.

இந்தப் பெண் இருந்த தெருவையும் அந்த ராத்திரி காலி செய்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்களாம். இதை அவள் பாட்டி பிறகு சொன்னார். அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

நான் சொன்னது இது: "பசையை மூடி வைம்மா, காஞ்சிடும்."

முப்பத்தோரு ஆண்டுப் பணியில் நான் பிள்ளைகளுக்குச் சொன்ன பொய்கள் குறைவு என்று நினைத்திருந்தேன். அவற்றைவிடக் கேவலமானது இந்த உண்மை. பசை காயத்தான் செய்யும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெட்டியில் கிடந்த பழைய ஓவியப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை சிஸ்டைன் ஆலயத்தின் விதானத்தில் தீட்டியவற்றில் ஜலப்பிரளயமும் ஒன்று. அதை எத்தனையோ முறை வகுப்பில் காட்டியிருக்கிறேன், தசை வரைவதற்கு உதாரணமாக. அன்றுதான் பேழையைத் தேடினேன். பேழை தூரத்தில், பின்னணியில், ஒரு சாமான் அறையைப்போலச் சிறியதாக இருக்கிறது. படத்தின் முன்பகுதி முழுவதும் வெளியே நிற்பவர்கள். கரையேறுகிறவர்கள், பிள்ளையை அணைத்த தாய், மகனின் உயிரற்ற உடலைச் சுமந்து ஏறும் தகப்பன். கவிழ்த்த முக்காலியில் வீட்டுச் சாமான்களை வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வருகிற பெண் ஒருத்தி. டிசம்பரில் அவளை நான் தொலைக்காட்சியில் பார்த்தேன். தலையில் கேஸ் அடுப்பு.

1866-இல் வெளிவந்த வேதாகமத்துக்குக் குஸ்தாவ் தொரே வரைந்த படங்களில் இன்னும் கடுமையானது ஒன்று உண்டு. நீரில் முழுகிக்கொண்டே ஒரு தாயும் தகப்பனும் பிள்ளைகளைப் பாறைமேல் தள்ளுகிறார்கள். பாறையின் உச்சியில் ஒரு புலி, வாயில் தன் குட்டியோடு. பேழை எங்குமே இல்லை.

பெரியவர்களுக்கு வரைந்தவர்கள் வெளியே இருந்தவர்களை விடவில்லை. பிள்ளைகளுக்கென்று வெட்டத் தொடங்கியபோதுதான் யாரோ அவர்களைக் கத்தரித்துவிட்டார்கள். நானும் அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்தவர்களில் ஒருவன். ஆதியாகமத்தையும் எடுத்துப் படித்தேன். வெள்ளத்துக்கு முன்னால், மனிதனை உண்டாக்கியதற்காகக் கர்த்தர் மனம் நொந்தார் என்று அதில் இருக்கிறது. அந்த வசனம் எங்கள் பாடப் புத்தகத்தில் இல்லை. பிள்ளைகள் சாவைப் பற்றி ஆதியாகமத்திலும் ஒரு வார்த்தை இல்லை.

மறுநாள் காலை பாட்டு முடிந்து பிள்ளைகள் என் பக்கம் வந்ததும், நேற்று நான் சொன்னது தப்பு என்று சொன்னேன். வெளியே இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எனக்குத் தெரியாது. சின்னப் பசங்களும் இருந்திருப்பார்கள். வ.உ.சி. நகரில் இறந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். மழை அதிகம், மண் ஊறிப்போனது, மலை சரிந்தது. கர்த்தர் ஏன் கதவைச் சாத்தினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் அவருக்கும் அது வருத்தமாக இருந்தது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பிள்ளைகள் பெரியவர்கள் பதறுவதுபோலப் பதறுவதில்லை. ஒருவன், "அப்ப இன்னிக்கு இன்னா செய்யப்போறோம்?" என்று கேட்டான்.

அட்டவணைப்படி அன்று வேறு கதை. நான் அந்தத் தாள்களைக் கட்டு பிரிக்கவில்லை. ஏரிக்கரைக் களிமண் ஒரு பேசின் நிறைய இருந்தது. பழைய பீரோ வந்த பெரிய அட்டை ஒன்றைத் தரையில் விரித்து, நேற்றுப் பேழை செய்தோம், இன்று அந்த ஊரைச் செய்வோம் என்றேன்.

அந்தப் பெண் வீடுகள் செய்தாள். சின்னச் சின்னதாக, ஒரே அளவில், வரிசையாக. மேலே ஓடு, பக்கத்தில் படி. ஒருவன் மாடு செய்து அதை ஒரு வீட்டின் கூரைமேல் ஏற்றிவைத்தான். ஏன் என்று கேட்டேன். "எங்க மாமா வூட்ல அப்படித்தான் சார் ஏத்துனாங்க, மொட்டமாடிக்கு" என்றான். ஒருத்தி வாசலில் கோலம் போட வெள்ளைப் பொடி கேட்டாள். கோலமாவுக்குப் பதில் சாக்கட்டியைச் சுரண்டிக் கொடுத்தேன். மின்கம்பம் வந்தது. நோவா காலத்தில் மின்கம்பம் இல்லை என்று ஒரு பெரிய பையன் ஆட்சேபித்தான். இன்னொருத்தி, "ஆனா கம்பம் சாஞ்சதாலதான் கரண்டு இல்ல" என்று அவனை அடக்கிவிட்டாள். தண்ணீரில் மிதக்கிற பிளாஸ்டிக் குடம், ஒற்றைச் செருப்பு, பள்ளிக்கூடப் பை. ஐந்து மாதமாக அவர்கள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அந்த அட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. நான் எதையும் சொல்லித்தரவில்லை. களிமண்ணுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் நீலக் கண்ணாடித்தாளை ஊரின்மேல் விரித்து நான்கு மூலைகளிலும் ஐஸ் குச்சி நட்டுக் கட்டினோம். தாளின்மேல் பேழை. குனிந்து பார்த்தால் கீழே வீடுகள் நீலமாகத் தெரிந்தன.

பிரச்சினை வராமல் இல்லை. எங்களுக்கு உதவ நகரத்திலிருந்து வந்திருந்த இளைஞர்களில் ஒருவர், நல்ல பிள்ளை, உழைக்கிறவர், என்னைத் தனியாக அழைத்து, "ஐயா, பாடத்தின் நோக்கம் தேவனுடைய பாதுகாப்பு. இதைப் பார்த்தால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள்" என்றார். பயம் அவர்களுக்குப் புதிதாக வரவேண்டியதில்லை என்று சொன்னேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. துக்கத்தை ஆற்றத் தெரியாதவன் அதைக் கிளறக் கூடாது என்பது சரியான வாதம். நான் மருத்துவனும் அல்லன், போதகனும் அல்லன். அந்தப் பெண் அன்றிரவு பாட்டி வீட்டில் அலறி எழுந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் துணிச்சல் எனக்கு வந்திருக்காது. காலையில் அவள் எல்லோருக்கும் முன்னால் வந்து, வீடுகளில் விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, விரலை எச்சிலில் தொட்டுத் தடவி அடைத்துக்கொண்டிருந்தாள். அதை வைத்து எதையும் நிரூபிக்க நான் முயலவில்லை.

ஐயரம்மாதான் வழி சொன்னார். போதகரின் மனைவியை எங்கள் சபைகளில் இன்றும் அப்படித்தான் அழைக்கிறோம். அட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு, "இதைப் பண்ணினவங்க பேரையெல்லாம் ஒரு சீட்டுல எழுதி ஒட்டுங்க சார். யாரும் எடுக்கச் சொல்ல மாட்டாங்க" என்றார். எழுதி ஒட்டினோம். முப்பத்தெட்டுப் பெயர்கள்.

விடுமுறைப் பள்ளி என்ற வழக்கமே ஒரு நெருக்கடியில் பிறந்ததுதான் என்று அந்த இளைஞரிடம் பிறகு பேசிக்கொண்டிருந்தேன். 1898-இல் நியூயார்க் நகரின் கிழக்குப் பகுதியில், கோடையில் தெருவில் அலையும் ஏழைப் பிள்ளைகளுக்காக ஹாஸ் என்ற அம்மையார் ஒரு மதுக்கடையை வாடகைக்கு எடுத்துக் கதையும் பாட்டும் கைவேலையும் நடத்தினார். அந்த இடத்துக்கு வந்த பிள்ளைகளின் வீடுகளில் என்னென்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தோம். இளைஞர் சிரித்தார். அடுத்த ஆண்டும் வருவதாகச் சொல்லிப் போனார்.

நிறைவு நாளில் பெற்றோர் வந்தார்கள். சுவரெங்கும் சிரிக்கிற பேழைகள் தொங்கின. தரையில் இருந்த அட்டையைச் சுற்றிக் கூட்டம் கூடியது. தகப்பன்மார் சும்மா பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். தாய்மார் குந்தி உட்கார்ந்து கண்ணாடித்தாளுக்குக் கீழே பார்த்தார்கள். "இது யாரு வூடு?", "இந்தக் குடத்தப் பாரேன்", "நம்ம கொட்டா மாதிரியே கீது". ஒரு பாட்டி மீனாக விஷ்ணு வந்து படகை இழுத்த கதையைப் பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்லத் தொடங்கினார். இஸ்லாமியப் பெண் ஒருவர், எங்களுக்கும் நூஹ் நபி உண்டு என்றார். ஐயர் அப்போதுதான் வந்தார். சின்ன வயது, இந்தச் சபைக்கு வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. வெகுநேரம் நின்றார். பிறகு பிரசங்க பீடத்துக்குப் போய், எழுதிவைத்திருந்ததைப் படிக்காமல், டிசம்பரில் இறந்தவர்களுக்காகவும் அவர்கள் வீட்டாருக்காகவும் ஜெபித்தார். அந்த ஜெபத்தை நாங்கள் டிசம்பரிலேயே செய்தோமா என்று யோசித்துப் பார்த்தேன். பொதுவாக 'புயலால் பாதிக்கப்பட்டோர்' என்று சொல்லியிருப்போம்.

பிள்ளைகள் தங்கள் வேலைகளை எடுத்துக்கொண்டு போகலாம் என்றதும் அவள் தன் பேழையைச் சுவரிலேயே விட்டுவிட்டு வீடுகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பாட்டி முந்தானையை விரித்தார். "இந்த மண்ணாங்கட்டிய இன்னாத்துக்குடி தூக்கினு வர்ற?" என்றார் பாட்டி. "காய வெச்சு சுட்டுக்கலாம் ஆயா" என்றாள். ஒன்பது வீடுகள். ஒன்று மட்டும் அட்டையோடு ஒட்டிக்கொண்டு வரவில்லை. அது இன்னும் என் வீட்டு மாடத்தில் இருக்கிறது.

அதன்பின் எனக்கு இன்னொரு கதையின்மேல் கண். யோனா. மீன் விழுங்கிய யோனாவைச் செய்யாத விடுமுறைப் பள்ளி இல்லை. பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டி மீன் செய்து உள்ளே ஒரு பொம்மையைப் போடுவது நானே பலமுறை செய்வித்தது. பாடம் பெரும்பாலும் மீன் கக்குவதோடு முடியும், அல்லது நினிவே மனந்திரும்புவதோடு. நான்காம் அதிகாரத்தை யாரும் செய்விப்பதில்லை. நினிவே அழியாமல் போனதற்காக யோனா கோபித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருக்கிறான். வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் தெரியாத 1,20,000-க்கும் மேற்பட்ட மனிதரும் மிருகஜீவன்களும் இருக்கிற ஊருக்காக நான் பரிதபிக்க வேண்டாமா என்று கர்த்தர் கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக இல்லை. புத்தகம் அந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது. வலது இடது தெரியாதவர்கள் யாரென்று உரையாசிரியர்கள் விவாதிக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள்தான் என்பது பலருடைய கருத்து.

நோவா கதையில் எண்ணப்படாதவர்களை இந்தக் கதையில் யாரோ எண்ணியிருக்கிறார்கள். வரும் மே மாதத்தில் பெட்டியில் எந்தக் கதை வந்தாலும் ஒரு நாளை இதற்கு ஒதுக்கித் தர வேண்டும் என்று ஐயரிடம் கேட்டிருக்கிறேன். நினிவேயைக் களிமண்ணில் செய்ய அட்டை சேர்த்துக்கொண்டு வருகிறேன். மிருகஜீவன்களுக்குத் தேங்காய் நார் இருக்கிறது. சென்னைக்குப் போன உறவுக்காரப் பையனிடம் இடக்கைக் கத்தரிக்கோல் இரண்டு வாங்கிவரச் சொன்னேன். ஒன்றுதான் கிடைத்தது.